வெர்ல் ஸ்டக்கி சொன்ன வழி

இருபத்தாறு வருடம் நெப்ராஸ்காவில் ஒரு கல்லூரி வாகன நிறுத்தத்தில் அபராதச் சீட்டு செருகிக்கொண்டிருந்தவர் வெர்ல் ஸ்டக்கி. ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு, ஒரு வெள்ளை வேனுக்குள் கட்டிலைப் போட்டுக்கொண்டு அரிசோனா பாலைவனத்துக்கு வந்து சேர்ந்தார். வேலைதான் போயிற்று, புத்தி போகவில்லை. யார் எங்கே வண்டியை நிறுத்தலாம் என்று தீர்மானிக்க இங்கேயும் தன்னைத்தான் நியமித்திருப்பதாக நினைப்பு.

எங்களைப் போல வேனிலேயே குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு யூமாவுக்கு வடக்கே அரசு நிலம் ஏராளமாகக் கிடக்கிறது. பதினான்கு நாள் சும்மா தங்கலாம், பிறகு கிளம்பி வேறு இடம் பார்க்கவேண்டும். ஆனால் எல்லா இடமும் தங்க லாயக்கில்லை. தரை கெட்டியாக இருக்கவேண்டும், கொஞ்சம் நிழல் வேண்டும், போனில் ஒரு கோடாவது சிக்னல் வரவேண்டும். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு இடம் சொல்வதுதான் இங்கே வழக்கம். நான் வந்த முதல் வாரத்திலேயே முன்பின் அறியாத நாலு பேர் எனக்கு இடம் சொன்னார்கள். ஐந்தாவது ஆள் வெர்ல்.

ஊரிலிருக்கும் சலவைக் கடையில், துவைக்கத் துணி இருக்கிறதோ இல்லையோ, தினமும் காலையில் துணி மடிக்கிற மேஜையைப் பிடித்து உட்கார்ந்துவிடுவார். புது முகம் எது வந்தாலும் அவரிடம்தான் வழி கேட்கும். அந்தத் தோரணை அப்படி. என் வண்டி என்ன, எத்தனை நாளாக இப்படி இருக்கிறேன் என்றெல்லாம் விசாரித்து முடித்தபின் ஒரு காகிதக் கைக்குட்டையில் படம் போட்டுக் கொடுத்தார்.

“மாடு போகாம தடுக்கப் போட்ட இரும்பு கேட்ல மூணாவதத் தாண்டி இடது பக்கம் திரும்பும்மா. நாலு மைல். அந்த மாதிரி இடத்த நீ பார்த்திருக்கவே மாட்ட.”

நன்றி சொன்னதோடு நில்லாமல் அவருக்கு ஒரு காப்பி வேறு வாங்கிக் கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் அந்தக் காப்பிதான் உறுத்துகிறது.

மூன்றரை மைல் போனதும் வறண்ட ஓடை மணலில் சக்கரம் இறங்கிவிட்டது. மிதிக்க மிதிக்க வண்டி அமுங்கியது. கீழே இறங்கி விழித்துக்கொண்டு நின்றபோது, எதிரே ஒரு கறுப்பினத்துப் பெரியவர் தோளில் இரண்டு பலகையைச் சுமந்தபடி நடந்து வந்தார். ஓடெல் பாட்டிஸ்ட். லூசியானாக்காரர், லாரி ஓட்டி ஓய்ந்தவர்.

“வெர்ல் அனுப்பினாரா?” என்றார்.

“ஆமா.”

“என்னையும்தான். போன வாரம்.”

டயர்களில் பாதிக் காற்றை இறக்கி, அடியில் பலகையைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டி வண்டியை மேலே ஏற்றினோம். மணலைத் தாண்டி நானூறு அடி போனால், பாறை போலக் கெட்டித் தரை. வரிசையாக இரும்புமரம் என்கிற பாலைவன மரங்கள், நல்ல நிழல். அங்கே லூப்பே அரியாகா அடுப்பில் பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தாள். பழத்தோட்டங்களில் வேலை செய்து முதுகு போனவள். அவளும் வெர்ல் அனுப்பிய ஆள்தான், ஓடெலுக்கு முந்தியவள். கேட்டவர்களை மணலில் இறக்குவதற்காகச் சொன்ன பொய், அவருக்கே தெரியாமல் உண்மையாகியிருந்தது.

அவர் புண்ணியத்தில் ஒரு மாதத்தில் ஏழு வேன் சேர்ந்தது. ஏழும் மணலில் மாட்டி மீண்டவை. கெட்டித் தரை வழியாகச் சுற்றி வரும்படி வெள்ளைக் கற்களை அடுக்கிப் பாதை காட்டினோம். தண்ணீருக்கு முறை வைத்துப் போய்வந்தோம். பதினான்கு நாளில் கிளம்பவேண்டாமென்று, பணம் கட்டி மார்ச் முடியத் தங்க அனுமதியும் வாங்கிக்கொண்டோம். எனக்குக் கடைவாய்ப் பல் வீங்கியபோது, எல்லைக்கு அப்பால் மெக்சிகோவில் இருக்கும் பல் வைத்தியரிடம் லூப்பேதான் கூட்டிப்போய்க் காத்திருந்தாள்.

ஒருநாள் சலவைக் கடையில் வெர்லிடம் நேராகவே கேட்டேன். கொஞ்சமும் கூசவில்லை அவர். “நல்ல இடத்தச் சொன்னா கூட்டம் வந்து நாறடிச்சிரும். வேணும்ங்கிறவன் தேடிக் கண்டுபிடிக்கட்டும்” என்றார். அந்த ஓடைப் பக்கம் அவர் ஒருநாளும் போனதில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. வரைபடத்தில் மணலாகத் தெரிந்ததாம், அவ்வளவுதான்.

பிப்ரவரியில், யாருக்கும் சொல்லாமல் அவர் தங்கியிருந்த ரகசிய இடத்துக்கே அரசு வனக்காவலர் பெண்மணி வந்து, பதினான்கு நாள் முப்பத்தொன்பது ஆகிவிட்டது, மதியத்துக்குள் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டார். காலமெல்லாம் பிறருக்குச் சீட்டு கிழித்தவர் கையில் ஒரு சீட்டு. போக வேறு நல்ல இடம் எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் அவருக்குச் சொன்னதில்லை. எங்கள் முகாமைப் பற்றி ஊரில் பேச்சு அடிபட்டதால் இங்கேயே வந்தார்.

வெள்ளைக் கற்களைப் பார்த்திருக்கிறார். கல்லைப் பார்த்து ஓட்டுவதெல்லாம் கற்றுக்குட்டிகள் வேலை என்று நேராக விட்டிருக்கிறார். கற்பாதை பிரிகிற முனையிலேயே வேன் அச்சு வரைக்கும் புதைந்தது.

நான் நிழலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தப் பனிக்காலத்தில் எனக்குக் கிடைத்த சிறந்த பொழுதுபோக்கு அது. ஓடெல் பலகையை எடுத்தார்.

“விடுங்க ஓடெல், ராத்திரி வரைக்கும் கிடக்கட்டும்” என்றேன்.

“கிடந்தா நம்ம வழிதான அடைபடும்” என்று அவர் நடந்தார்.

வெளியே இழுத்துப் போட்டோம். நன்றி என்ற சொல் வெர்ல் வாயில் வரவில்லை. லூப்பே கொடுத்த பீன்ஸை இரண்டு கிண்ணம் காலி செய்துவிட்டு, உப்பு தூக்கல் என்றார். பிறகு மரங்களை ஒரு சுற்று பார்த்துவிட்டு, “நான் சொன்னேன்ல, இந்த மாதிரி இடம் பார்த்திருக்கவே மாட்டீங்கன்னு” என்றார். லூப்பே பானையை மூடி வைத்தாள்.

மார்ச்சில் ஓரிகனிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். வெர்ல் ஓடிப்போய் எதிர்கொண்டு, கற்களைக் காட்டி, கைகாட்டிக் கைகாட்டி வண்டியைப் பத்திரமாக உள்ளே கொண்டுவந்தார். இந்த முகாமைக் கண்டுபிடித்ததே தான்தான், ஒவ்வொருவரையும் பார்த்துப் பார்த்து அனுப்பிவைத்ததும் தான்தான் என்று அவர்களிடம் கதை அளந்தார். அந்தப் பெண் கண் கலங்கி அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. ஓடெல் வாய்விட்டுச் சிரித்தார்.

கெடு முடிந்ததும் எங்கள் ஏழு வேனும் வடக்கே அடுத்த இடத்துக்குக் கிளம்பின. ஓரிகன் தம்பதியும் சேர்ந்துகொண்டார்கள். வெர்லை யாரும் வா என்று கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. வரிசையின் கடைசியில், எங்கள் புழுதியைத் தின்றுகொண்டு, திருப்பம் எங்கே வருகிறது என்று ஒவ்வொரு முறையும் போனில் கேட்டபடி வந்தார். நான் சரியான வழியைத்தான் சொன்னேன்.