கனகாம்பரத்துக்கு என்ன அர்த்தம்?

"சிவப்பு ரோஜான்னா காதல், மஞ்சள்னா நட்பு. எதைக் கட்டட்டும்க்கா?" பொக்கே கடைப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில், எண்பதுகளில், என் அத்தையும் பூவால்தான் பேசினாள். ராஜபாளையம் மில்லில் வேலை பார்த்த ஒருவர் சாயங்கால பஸ்ஸில் இறங்கி எங்கள் தெரு வழியாக வருவார். அத்தை வாசலில் நிற்பாள். தலையில் மல்லிகை என்றால் போலீஸ்காரரான என் அப்பா டியூட்டிக்குப் போயிருக்கிறார், வரலாம். கனகாம்பரம் என்றால் வீட்டில் இருக்கிறார், வராதே. இது எனக்கு மட்டும் தெரியும்.

அன்று அப்பா வீட்டில் இருந்தார். கனகாம்பரத்தோடு வாசலில் நின்ற அத்தையிடம் அம்மா வந்தாள்.

"ஏட்டி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா வாசமில்லாத பூவையா வைப்பே? இந்தா, மல்லி எம்புட்டு வாங்கியிருக்கேன் பாரு!"

"இருக்கட்டும் மதினி, பொறவு வச்சுக்கிடுதேன்."

அம்மா கேட்கவில்லை. பழையதை உருவிப் போட்டுவிட்டு மல்லிகையைச் சூட்டினாள். அத்தை அதை எடுக்கக் கையைத் தூக்குவதற்குள் பஸ்ஸில் வந்திறங்கிய அவர் சிரித்தபடி படியேறிவிட்டார்.

"யாருலே நீ?" உள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது.

அடுத்த முகூர்த்தத்திலேயே அத்தையைச் சேத்தூரில் வேறொருவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

"கனகாம்பரம் இருக்கா?" என்றேன்.

கடைப் பெண் சிரித்தாள். "அதுக்கெல்லாம் அர்த்தம் கிடையாதுக்கா."