கம்பிக்கூட்டில் சிக்கிய எலுமிச்சம்பழம்

பந்து பொறுக்க ஒரு மெஷின் வேண்டும் என்று கேட்டவன் நான்தான். அதனால் அதற்குப் பிறகு நடந்த எதற்கும் வேறு யாரையும் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன்.

புதுக்கோட்டையில் ஒரு டென்னிஸ் கிளப்பில் நான் பயிற்சியாளர். காலையில் பெரியவர்கள் ஆடுவார்கள். சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். பெரியவர்கள் சாயங்காலமும் வருவார்கள், வேலியோரம் நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டிருக்க. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். டென்னிஸ் மட்டையைத் தொட்டது உடற்கல்விக் கல்லூரிக்குப் போன பிறகுதான். அதனாலோ என்னவோ, எதையும் முறையாக விளக்கிச் சொன்னால் மனிதர்கள் கேட்டுக்கொள்வார்கள் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வருகிறவர்களில் ஆவூர்ப் பெண் ஒருத்தி. பதினோராம் வகுப்பு. டென்னிஸில் சர்வீஸ் போட இரண்டு வாய்ப்பு உண்டு. முதலாவது தவறினால், இரண்டாவது சர்வீஸ் எதிர்ப்புறக் கட்டத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். இந்தப் பெண்ணின் முதல் சர்வீஸ் வெடி மாதிரி இருக்கும். இரண்டாவது, வலையில் போய் முட்டிக்கொள்ளும். மண்டலப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. இதற்கு மருந்து ஒன்றுதான்: போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அதற்குத்தான் நேரமில்லை. அவளுடைய அப்பா முதல் நாளே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். "ஏழு மணி பஸ்ஸுல பிள்ளை ஏறிரணும் சார். ஒரு நாள் தப்புனாலும் மட்டையத் தூக்கிப் பரண்ல போட்ருவேன். அப்பறம் எங்கிட்ட வந்து கேக்கப்படாது."

பள்ளிக்கூடம் விட்டு அவள் வந்து சேரவே ஐந்தரை ஆகிவிடும். ஒரு கூடைப் பந்தை அடித்துத் தீர்க்க எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரம் அதைப் பொறுக்கவும் ஆகும். வலைக்கு அடியில், வேலி மூலையில், வேப்பமர வேர் இடுக்கில் என்று சிதறிக் கிடக்கும். அவள் குனிந்து நிமிர்ந்த ஒவ்வொரு தடவையும் அவளுடைய இரண்டாவது சர்வீஸில் ஒன்று குறைந்துகொண்டிருந்தது.

கிளப் செயலாளரிடம் போனேன். இரும்புக்கடை வைத்திருப்பவர்.

"குனிஞ்சு எடுத்தா ஒடம்புக்கு நல்லதுதான தம்பி? எதுக்கு மெஷினு?"

'நீங்கள் குனிந்து நான் பார்த்ததில்லையே' என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு விளக்கினேன். போனில் படம் காட்டி விளக்கினேன். அடுத்த வாரம் மறுபடி விளக்கினேன். ஒரு வழியாகச் சம்மதித்தார். சந்தோஷத்தில் ஊருக்குப் போன் போட்டேன். கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்குகிறவர் என் ஆத்தா.

"பந்து பொறுக்கவா மெசினு? அப்படியே கொட்டை பொறுக்க ஒண்ணு சேத்து வாங்கச் சொல்லுடா அந்தப் புண்ணியவான. எனக்கு இடுப்பு விட்டுப் போச்சு."

மெஷின் வந்தது. மோட்டார், கரண்ட் எதுவும் கிடையாது. படுக்கவைத்த உருளை மாதிரி ஒரு கம்பிக்கூடு, தள்ளுவதற்கு நீளமான கைப்பிடி. உருட்டிக்கொண்டு போனால் கம்பிகள் நெகிழ்ந்து பந்தை உள்ளே விடும், வெளியே விடாது. அவ்வளவுதான். நான் கைப்பிடியில் கை வைக்கப் போனேன்.

"பொறுங்க தம்பி" என்று செயலாளர் தடுத்தார். "ஆடி மாசம். புதுசா எதையும் தொடங்கப்படாது."

"பந்து பொறுக்குறதுக்குமா சார் ஆடி?"

"உருளுதுல்ல? அப்ப வண்டி மாதிரிதான்."

ஆடி முழுக்க மெஷின் ஆபீஸ் அறைக்குள் பூட்டிக் கிடந்தது. அந்தப் பெண் பந்து பொறுக்கும்போதெல்லாம் ஜன்னல் வழியாக அதை எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். என்னை ஒன்றும் கேட்கமாட்டாள். கேட்டிருந்தால் தேவலை.

ஆவணி பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை பூஜை. கம்பிக்குச் சந்தனம், குங்குமம், கைப்பிடியில் மாலை. தேங்காய் உடைத்தாயிற்று. கடைசியாக எலுமிச்சம்பழம். வண்டி என்றால் டயருக்கு ஒன்றாக வைத்து ஏற்றி நசுக்குவார்கள், திருஷ்டி கழிந்துவிடும். இதற்குத்தான் சக்கரமே இல்லையே! செயலாளர் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் தீர்ப்புச் சொன்னார். "கூடேதான்யா சக்கரம். அதுக்கு அடியில வையி."

இருந்ததிலேயே பெரிய பழமாகப் பார்த்து வைத்தார்கள். செயலாளர் சாமி கும்பிட்டுவிட்டுத் தள்ளினார். பழம் நசுங்கவில்லை. கம்பிகள் நெகிழ்ந்தன, பழம் பாதி உள்ளே போனது, அங்கேயே மாட்டிக்கொண்டது. மெஷினைக் குறை சொல்ல முடியாது. அதன் வேலையே அதுதான்.

"எடுத்துர்றேன் சார்" என்று கையை நீட்டினேன்.

"தம்பி!" என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "திருஷ்டிக்கு வச்ச பழத்தக் கையால தொடுவாங்களா?"

படித்தவன் நான். ஆனாலும் கை தானாக மடங்கிக்கொண்டது.

"குச்சியால தள்ளிரலாமே?"

"குச்சி யார் கையில இருக்கும்?"

செயலாளர் அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீங்க வேதக்காரங்கதான? ஒனக்கு ஒண்ணும் ஆகாது. நீ எடுத்துரு."

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எங்கப்பா டிராக்டர் எடுத்தப்ப ஃபாதர் மந்திரிச்சு முடிச்ச ஒடனே நாலு டயர்லயும் எலுமிச்சம்பழந்தாங்க வச்சாரு. நான் தொட மாட்டேன்."

பழம் துருத்திக்கொண்டிருந்ததால் கூடு நொண்டியது. பந்துகள் உள்ளே போகாமல் தெறித்து ஓடின. திரும்ப ஆபீஸுக்குள் கொண்டுபோகவும் கூடாதாம், திருஷ்டி உள்ளே வந்துவிடுமாம். மாலையும் சந்தனமுமாக மெஷின் மைதான ஓரத்திலேயே நின்றது. அதைச் சுற்றி அவள் குனிந்து குனிந்து பந்து பொறுக்கினாள். ஆறே முக்காலுக்கு மட்டையை உறைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அன்று அவள் போட்ட இரண்டாவது சர்வீஸ்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மறுநாள் எனக்குப் பொறுக்கவில்லை. வேலியோரக் கூட்டத்தின் முன்னால் போய் நின்றேன்.

"கையாலதான சார் தொடக்கூடாது? பந்து தொடலாமா?"

செயலாளர் பேங்க்காரரைப் பார்த்தார். அவர் கண்ணை மூடி யோசித்தார். "பந்து கைய விட்டுப் போன பெறகு அது தனி ஆளு. தொடலாம்."

மெஷினைக் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், எதிர்ப்புறம் சர்வீஸ் விழ வேண்டிய கட்டத்தில், பழம் தெரிகிற பக்கமாக நிறுத்தினேன். அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "இனிமே முதல் சர்வீஸே கிடையாது. எல்லாம் ரெண்டாவதுதான். அந்தக் கூட்டுல அடி."

முதல் கூடை முழுக்க வலையிலும் வேலியிலும் போயிற்று. அவள் பொறுக்கக் குனிந்தாள். அப்போதுதான் அது நடந்தது. நாற்காலிகள் காலியாயின.

"நீ அங்கிட்டே நில்லு பாப்பா. நாங்க எடுத்துத் தாரோம்" என்றார் செயலாளர். முட்டிவலி என்று படியேறக்கூட மாட்டாரே, அந்த மனிதர் வேப்பமர வேருக்குள் கையை விட்டுத் துழாவினார். பேங்க்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வலைக்கு அடியில் புகுந்தார். கூடை காலியாவதற்குள் நிறைந்தது.

"கொஞ்சம் எடப்பக்கம் பாப்பா!"

"யோவ், அவளுக்கு எடப்பக்கமா, ஒனக்கு எடப்பக்கமா?"

"தூக்கிப் போடும்மா, தூக்கி!"

நான் மூன்று மாதமாகத் தொண்டை கிழியச் சொன்னதும் அந்த "தூக்கிப் போடு"தான். பழத்துக்காகச் சொன்னபோது அவள் காதில் ஏறியது. பந்து வலைக்கு மேலே நன்றாக உயர்ந்து, வளைந்து, கட்டத்துக்குள் இறங்க ஆரம்பித்தது. கூட்டில் 'டங்' என்று ஒன்று பட்டால் மைதானமே கத்தியது.

பல சாயங்காலங்கள் இப்படிப் போயின. பழம் வெயிலில் காய்ந்து சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு புதன்கிழமை பந்து கூட்டின் நடுவில் பட, பழம் கழன்று தரையில் உருண்டு ஓடியது. "கை படல, பாத்தீங்கள்ல? கை படவேயில்ல!" என்று செயலாளர் குதித்தார்.

அடுத்த நாள் மெஷின் நல்லபடியாக ஓடியது. யாரை வைத்துத் தெரியுமா? செயலாளரை வைத்து. கைக்குழந்தையை நடக்கப் பழக்குகிற மாதிரி மெதுவாகத் தள்ளினார். அவருக்கு அடுத்து பேங்க்காரர் முறை. ஒவ்வொரு தடவையும் நின்று, கூட்டுக்குள் எத்தனை பந்து விழுந்தது என்று எட்டிப் பார்த்தார்கள். நான் கை வைத்தால், "இருங்க தம்பி, கம்பி வளைஞ்சிரும்." வேலி மூலையிலும் வேர் இடுக்கிலும் மெஷின் நுழையாது, இனிமேல் குனியவும் ஒருவரும் தயாரில்லை. அன்று அந்தப் பெண் ஒரு கூடைக்கு மேல் அடிக்கவில்லை. பாதி நேரம் மட்டையை ஊன்றிக்கொண்டு, அவர்கள் தள்ளுவதை வேடிக்கை பார்த்தாள். போட்டிக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

ஆறே முக்கால். பையை மாட்டிக்கொண்டு கேட்டுவரை ஓடியவள் திரும்பி வந்தாள். மெஷினைச் சுற்றி நின்ற கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சார், நாளைக்கு வரும்போது இன்னொரு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வாரீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தாள். ரோட்டிலிருந்து சத்தம் மட்டும் வந்தது.

"பெருசா பாத்து வாங்குங்க சார்!"