முதல் கிழமைத் தாள்கள்

செவ்வாய்க்கிழமை காலை வேலை மேசையில் இருந்தபோது யோகம் அக்காவின் அழைப்பு வந்தது. எங்கள் பழைய சமையல் வகுப்புக்கு வந்தவர் அவர். "பிள்ளை, தவம் அண்ணை விடியக் காலமை மோசம் போயிட்டார். மாரடைப்பாம்" என்றார். அழுகைக்கு முன் எனக்குக் கோபம்தான் வந்தது. அண்ணையிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று எட்டு மாதமாகத் தள்ளிக்கொண்டு வந்தவள் நான். ஆனாலும் மனிதர் இன்னும் ஒரு கிழமை பொறுத்திருக்கலாமே என்றுதான் நினைத்தேன்.

ஜேர்மனியில், கொலோனுக்குப் பக்கத்தில் ஒரு மாவட்ட அலுவலகத்தில், மக்களுக்கு இலவச வகுப்புகள் நடத்தும் பிரிவில் நான் வேலை செய்கிறேன். தோட்ட மண்ணைப் பரிசோதிப்பது, பழங்களைப் போத்தலில் அடைத்துப் பாதுகாப்பது, மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது என்று எல்லாம் உண்டு. எங்களவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. சீனி வருத்தக்காரருக்கு, அதாவது நீரிழிவு உள்ளவர்களுக்கு, தமிழில் ஒரு சமையல் வகுப்பு வைப்போம் என்று மல்லுக்கட்டி அனுமதி வாங்கினேன். நடத்த வந்தவர் தவம் அண்ணை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் முப்பது வருடம் நின்று ஓய்வு பெற்றவர். அவருக்கும் சீனி இருந்தது.

முதல் கிழமை எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தோம். ஏழு நாளும் சாப்பிட்டதை எழுதிக்கொண்டு வர வேண்டும். திரும்பி வந்த தாள்களைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. காலையில் ஓட்ஸ், மதியம் சலாட், இரவு சூப். புட்டு என்ற சொல்லையே காணவில்லை. அண்ணை எல்லாவற்றையும் வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "ஒரு கிழமைக்குள்ள எல்லாரும் முயலா மாறிட்டியள் போல" என்றார். வகுப்பே சிரித்தது. யோகம் அக்கா மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அண்ணை என்னிடம் சொன்னார்: "அலுவலகத்தில குடுக்கிற கடதாசி எண்டா எங்கட சனத்துக்கு அது பரீட்சை. அகதி அந்த்ராக் எண்டு விண்ணப்பம் நிரப்பின காலத்துப் பயம். அவங்களுக்குப் பிடிச்சதை எழுதாட்டித் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு."

அடுத்த முறை தாள் வேண்டாம், நேற்றுச் சமைத்த சட்டியைக் கழுவாமல் கொண்டு வாங்கோ என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார். பஸ்ஸில் சட்டியோடு வந்து இறங்கினார்கள். அண்ணை முதலில் தன்னுடையதைத் திறந்தார். கொத்துரொட்டி! "ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டனான்" என்று சொல்லி, அதைப் பலகையில் தன் பெயருக்கு நேரே எழுதினார். அதன் பிறகு யாருக்கும் வெட்கம் இருக்கவில்லை. யோகம் அக்கா பொரித்த உருளைக்கிழங்கை ஒப்புக்கொண்டார். அந்தச் சட்டிகளைப் பார்த்துத்தான் என்னத்தைக் குறைப்பது, எதை மாற்றுவது என்று அண்ணை சொல்லிக் கொடுத்தார். அரிசி மாவுக்குப் பதில் குரக்கன் புட்டு, தேங்காய்ப்பால் குறைத்த சொதி, சோற்றுக்கு ஒரு அளவுக் கோப்பை. கடைசிக் கிழமை மறுபடியும் தாள் கொடுத்தோம். உள்ளதை உள்ளபடி எழுதிக் கொண்டு வந்தார்கள்.

அதுதான் வினையாகப் போயிற்று. வகுப்பால் பயன் உண்டா என்று பார்க்க, முதல் தாளையும் கடைசித் தாளையும் சேர்த்து மேலே அனுப்ப வேண்டும். கடதாசிப்படி பார்த்தால், சலாட் சாப்பிட்டுக்கொண்டிருந்த சனத்துக்கு நாங்கள் புட்டுத் தின்னப் பழக்கியிருந்தோம். முதல் கிழமைத் தாள்களைப் புதிதாக எழுதி வாங்குவோம், அப்போது உண்மையில் சாப்பிட்டதைத்தானே எழுதப்போகிறார்கள் என்று அண்ணையிடம் வாதாடினேன்.

"ஏலாது, பிள்ளை" என்றார். "இப்பதான் அவை உள்ளதை எழுதப் பழகியிருக்கினம். நாங்களே பழைய தாளைக் கிழிச்சுப்போட்டு வேற எழுதச் சொன்னா என்ன நினைப்பினம்? நடந்ததை விளக்கி ஒரு கடிதம் எழுதி அதோட சேர்த்து அனுப்புங்கோ. அவங்களும் மனுசர்தானே."

"கடிதத்தை அங்க ஒருத்தரும் வாசிக்க மாட்டினம் அண்ணை. உங்கட பிடிவாதத்தால வகுப்பு நிக்கப்போகுது" என்று சத்தம் போட்டேன். கடைசியில் எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

எழுதவில்லை. வேலை இருந்தது, கோபம் இருந்தது, நான் சொன்னதுதான் நடக்கும் என்று காட்டும் ஆசையும் இருந்தது. தாள்களை மட்டும் அனுப்பினேன். பயனில்லை என்று வகுப்பை நிறுத்தினார்கள். "கடிதத்துக்கு என்ன சொன்னவை?" என்று அண்ணை கேட்டபோது, "ஏற்கேல்லையாம்" என்று சொல்லிவிட்டேன். "சரி, எங்களால ஏலுமானதைச் செய்தம்" என்றார். அந்த 'எங்களால' இன்றைக்கும் என்னைக் குடைகிறது.

தவம் அண்ணையின் பிடிவாதத்தால்தான் வகுப்பு நின்றது என்று கடையிலும் கோயிலிலும் கதை பரவியது. அதைத் தொடக்கி வைத்தவளும் நான்தான். அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. தமிழ்க் கடையில் அவரைக் கண்டால், ஏதோ சாமான் தேடுவதுபோல் நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வேன். இறுதிச் சடங்கிலும் ஒருவர் "நல்ல மனுசன், ஆனா பிடிவாதக்காரன்" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள், யோகம் அக்காவும்கூட. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஆகவே, அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இங்கே எழுதுகிறேன்: உங்கள் வகுப்பு நின்றது என்னால்.

நேற்று அந்தக் கடிதத்தை எழுதினேன். எட்டு மாதம் சுமந்ததை எழுதி முடிக்க ஒரு மணித்தியாலம்தான் எடுத்தது. வெட்கமாக இருந்தது. மேலே தேதி போடும் இடத்தில் கை நின்றது. வகுப்பின் கோப்பு திரும்பி வந்து என் அலுமாரியில்தான் இருக்கிறது. பழைய தேதியைப் போட்டு உள்ளே செருகிவிட்டால், கடிதம் அன்றே இருந்தது, பார்த்தவர்கள்தான் கவனிக்கவில்லை என்று ஆகிவிடும். அண்ணையின் பொறுமையும் கைப்பக்குவமும் எனக்கு வராது. அவருடைய அந்த ஒரு 'ஏலாது' மட்டும் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. எழுதிய நாளான நேற்றைய தேதியையே போட்டுக் கையெழுத்து வைத்து, மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வாசித்து முடித்து, "இதை ஏன் அப்போதே தரவில்லை?" என்று கேட்டார்.

சொன்னேன்.