ஏழுமலையின் காயிலுக்கு நான் போடாத கையெழுத்து

முதலில் வந்த நாள்

ஏசி காயில் செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருடங்களுக்கு மேல் டிசைன் செக்‌ஷனில் இருந்துவிட்டு, ஓய்வுபெற்று ஆரணிக்குத் திரும்பியிருந்த சமயம். ஒரு காலையில் ஏழுமலை என் வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்தினார். பின்சீட்டில் எதையோ பெட்ஷீட்டில் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தார். பெரணமல்லூர்க்காரர்; ஆரணியில் ஏசி சர்வீஸ் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டு ஏசிக்கும் அவர்தான் வருவார்.

"சார், ஒன்னு காட்டணும். பாத்துட்டு சிரிக்கக் கூடாது."

பிரித்தால் உள்ளே ஒரு எவாப்பரேட்டர் காயில். தொழிலுக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். ஏசியின் உள்பெட்டியில் செம்புக் குழாய்கள் வளைந்து வளைந்து ஓடும். அவற்றில் மெல்லிய அலுமினியத் தகடுகளைச் சீப்புப் பற்கள்போல நெருக்கமாகக் கோத்திருப்பார்கள். அந்தத் தகடுதான் ஃபின். நெருக்கம் கூடினால் குளிர்ச்சி கூடும். அழுக்கும் சீக்கிரம் அடைக்கும்.

ஆரணியில் அந்த அடைப்பு பெரிய பேஜார். பல பட்டுக் கடைகளுக்குப் பின்னாலேயே நூல் சுற்றுவதும் தறி ஓடுவதும் நடக்கும். நூல் பிசிறு பறந்துவந்து ஃபில்டரில் படியும். காற்று வரவில்லை என்று கடைக்காரர் ஃபில்டரையே கழற்றிப் பரண்மேல் போட்டுவிடுவார். அப்புறம் பிசிறு நேராகக் காயிலின் முகத்தில் கம்பளிபோல ஒட்டும். "இப்பதானே சர்வீஸ் பண்ணிட்டு போன?" என்று ஏழுமலைக்கு போன் வரும்.

அவர் இரண்டு ஒற்றை வரிசைக் காயில்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, முன்னால் நிற்கும் காயிலில் ஒன்று விட்டு ஒன்று ஃபின்னை நோஸ் பிளையரால் பிடுங்கியிருந்தார். பின்வரிசையை அப்படியே நெருக்கமாக விட்டிருந்தார். முன்வரிசையில் பிசிறு தங்காமல் இருக்க இன்னொரு வேலையும் செய்திருந்தார். ஃபின்களின் வெளி விளிம்பைக் கீழ்நோக்கிச் சாய்வாக வெட்டியிருந்தார். குளிர்ந்த ஃபின்னில் கோத்துக்கொள்ளும் தண்ணீர் அந்தச் சாய்வில் இறங்கி, பிசிறையும் இழுத்துக்கொண்டு கீழே டிரேயில் விழும்.

"எங்க அண்ணன் வீட்டுல நூல் சுத்துற ரூம்ல ஓட்டிகினு இருக்கேன் சார். கோடை முழுக்க ஓடிச்சு. ஒரு தபாகூட அடைக்கல."

வெட்டிய விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன். விரலில் குத்தாதபடி அரத்தால் ராவியிருந்தார்.

"நல்லா இருக்குது ஏழுமலை. ரொம்ப நல்லா இருக்குது."

"பேடன்ட் எடுக்கலாமா சார்?"

"தாராளமா எடுக்கலாம்பா."

காபி ஆறுவதற்குள் அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

பேடன்ட் ஏஜென்ட்

சென்னையில் ஒரு பேடன்ட் ஏஜென்ட் அம்மாவிடம் நானே அவரை அழைத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். ஒரு கண்டுபிடிப்புக்குப் பேடன்ட் வேண்டுமென்றால் அது தொழிலில் பயன்பட வேண்டும். இதற்குமுன் எங்கும் இல்லாததாக இருக்க வேண்டும். துறை தெரிந்த ஒருவருக்குச் சுலபமாகத் தோன்றிவிடுவதாகவும் இருக்கக் கூடாது.

"இதை வெளியில யாருக்காவது வித்தீங்களா? வீடியோ எதாவது போட்டீங்களா?"

"இல்லீங்க மேடம். அண்ணன் வீட்ல மட்டும்தான்."

"நல்லது. ஃபைல் பண்ற வரைக்கும் வாயே திறக்காதீங்க."

ஃபைல் செய்தார்கள். சில மாதங்களில் காயில் தயாரிக்கும் ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, பேடன்ட் கிடைத்தால் லைசென்ஸ் எடுத்துக்கொள்கிறோம் என்றார். ஏழுமலைக்குக் கால் தரையில் படவில்லை. கண்ணமங்கலம் ரோட்டில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தார். சாம்பிள் காயில்கள் அங்கேதான் தயாராகும் என்று சொல்லி, சர்வீஸ் வேலைகளைக் கடையில் இருந்த மெக்கானிக்கிடம் விட்டுவிட்டார். நான் போகும்போதெல்லாம் அவர் கையில் ஒரு டேப் இருக்கும். எந்த மெஷின் எங்கே வரும் என்று அளந்துகொண்டிருப்பார்.

கையெழுத்து

பேடன்ட் ஆபீஸிலிருந்து ஆட்சேபணை வந்தது. குளிர்பதனக் கிடங்குகளில் பனி அடைக்காமல் இருக்க முன்வரிசை ஃபின்களை அகலமாக வைப்பது தெரிந்த விஷயம்தானே, அதையே ஏசிக்கு வைத்தால் அதில் புதுமை என்ன என்று எக்ஸாமினர் கேட்டிருந்தார். ஏஜென்ட் அம்மா இதில் கலங்கவில்லை. பனி வேறு, பிசிறு வேறு. துறையில் பழுத்த ஒருவர் வாக்குமூலம் கொடுத்தால் வாதாடலாம் என்று ஒன்றைத் தயாரித்து அனுப்பினார். பழுத்தவர் நான்தான்.

ஏழுமலை அதை எடுத்துக்கொண்டு வந்தார். வாசித்தேன். ஏசி காயிலில் பிசிறு அடைப்பைத் தடுக்க முன்வரிசை ஃபின்களை அகலமாகவும் பின்வரிசையை நெருக்கமாகவும் அமைத்ததை என் அனுபவத்தில் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை என்று இருந்தது.

பேனாவைத் திறந்தேன். 'கண்டதும் இல்லை' என்ற இடத்தில் கண் நின்றது. எங்கள் ஃபின் பிரஸ் ஆபரேட்டரின் கோபமான முகம் ஞாபகம் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. ஃபின்னின் துளையைச் சுற்றி ஒரு சிறு கழுத்து எழும்பி நிற்கும். அதன் உயரம்தான் இரண்டு ஃபின்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. ஒரே காயிலுக்கு இரண்டு உயரம் கேட்டால், தகட்டை அடிக்கும் அச்சான டையை இரண்டு முறை மாற்ற வேண்டும். "ஒரு நூல் மில்லுக்காக ரெண்டு செட்டிங்கா? யார்யா இத வரைஞ்சது?" என்று அவர் கத்தினார். வரைந்தவர் என் சீனியர். மில் ஆபீஸ் ஏசியில் பஞ்சு அடைக்கிறது என்பதற்காக, முன்வரிசை அகலம், பின்வரிசை நெருக்கம். சில யூனிட்டுகள் செய்து விற்றோம். அதோடு அதை மறந்தும் போனோம்.

பேனாவை மூடினேன்.

"இன்னா சார்?"

சொன்னேன். ஏழுமலை நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"அந்த மில்லு இப்ப இருக்குதா?"

"மூடிட்டாங்கப்பா."

"உங்க சீனியர்?"

"இல்ல. போயிட்டாரு."

"அப்ப உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்."

"ஆமா."

"நான் அத பாத்து காப்பி அடிக்கல சார். பொறந்தே இருக்க மாட்டேன் அப்ப."

"தெரியும்பா. எனக்கு அதுல சந்தேகமே இல்ல."

"அப்ப யாருக்கு சார் நஷ்டம்?"

"கண்டதே இல்லன்னு எப்படி எழுதித் தர்றது ஏழுமலை? கண்டிருக்கேனே" என்று மட்டும் சொன்னேன். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, நான் கொடுத்த காபி டம்ளரை எடுத்துப்போய்ச் சமையலறையில் வைத்துவிட்டுப் போனார்.

ஏஜென்ட் அம்மாவுக்கு போன் செய்தேன். மில் கதையை முழுக்கக் கேட்டுக்கொண்டார். "வித்து உபயோகத்துல இருந்திருக்குன்னா, பேப்பர் இருக்கோ இல்லையோ, தெரிஞ்சுகிட்டே அதைப் புதுசுன்னு நான் வாதாட முடியாது சார். அவர் சொந்தமா யோசிச்சார்ங்கறது வேற. இடைவெளியை விட்டுடலாம். அந்தச் சாய்வு வெட்டு மட்டும் நிக்கும்னு நினைக்கிறேன்" என்றார்.

மிஞ்சியது

நின்றது. சாய்வு வெட்டுக்கு மட்டும் பேடன்ட் கிடைத்தது. கம்பெனிக்காரர் ஏழுமலையிடம் மரியாதையாகவே பேசினார். "சாய்வு இல்லாமலே எங்களுக்கு ஓடுதுங்க. அதுக்கு ஒரு டை செலவு எதுக்கு?" இடைவெளிக்குப் பேடன்ட் இல்லாததால், அகலம்-நெருக்கம் காயில் அவர்கள் பெயரிலேயே கடைகளுக்கு வந்தது. ஆரணியிலும் வாங்கினார்கள். ஏழுமலை ஷெட்டைக் காலி செய்துவிட்டு மறுபடி சர்வீஸ் கடையில் உட்கார்ந்தார். என் வீட்டு ஏசிக்கு அவருடைய மெக்கானிக்தான் வந்தார். "அண்ணன் பிஸி சார்" என்றார். நானும் மேலே கேட்கவில்லை.

போன ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில் தற்செயலாகப் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. இலையில் சாம்பார் விழுந்தது. பிறகு அவரே ஆரம்பித்தார்.

"கையெழுத்து போடலன்னு எனக்கு கோபம் இல்ல சார். அது அன்னிக்கே போயிடுச்சு."

"பின்ன?"

"மொத நாளே சொல்லியிருக்கலாம். 'அகலம் நெருக்கம் ஏற்கெனவே இருக்குது, உன் சரக்கு அந்த சாய்வுதான்'னு. நான் அத மட்டும் புடிச்சுகினு இருப்பேன். அது இல்லாம காயிலே ஓடாதுன்ற மாதிரி எதனா செஞ்சிருப்பேன். மூணு வருஷம் இடைவெளிய அளந்துகினே போயிடுச்சு."

"மொத நாள் ஞாபகம் வரலப்பா."

"தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

ஞாபகம் வரவில்லை என்பது உண்மை. நான் தேடவில்லை என்பதும் உண்மை. நல்லா இருக்குது என்று சொன்னேன்; புதுசா இருக்குது என்று அவர் எடுத்துக்கொண்டார். இரண்டும் வேறு வேறு என்பது எங்கள் இருவரில் எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். இப்போதும் சில இளம் என்ஜினியர்கள் டிராயிங்கோடு வருகிறார்கள். பார்க்கிறேன், பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்கிறேன். பேடன்ட் எடுக்கலாமா என்று கேட்டால் மட்டும், ஒரு வாரம் கொடுங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்கிறேன். அந்த ஒரு வாரத்தில் பழைய வேலைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். வருகிறவர்களுக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது.

அந்த ஒரு வாரத்தை ஏழுமலைக்குக் கொடுத்திருந்தால், அந்தச் சாய்வைப் பிடித்துக்கொண்டு அவர் எதுவரை போயிருப்பார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாமல் போய்விட்டது.