சாயம் வராத தேயிலை

மகள் ஒரு சீனப் பெடியனை விரும்புகிறாள் என்று சொன்னபோது எங்கள் அஜின்கோர்ட் வீட்டில் யாரும் மயங்கி விழவில்லை. விழுவோம் என்று எதிர்பார்த்திருந்த சொந்தக்காரருக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். பெடியன் தங்கமான பிள்ளை, கையால் சோறு குழைத்துச் சாப்பிடுகிறான். சிக்கல் அவனுடைய தாயார்தான். றிச்மண்ட் ஹில்லில் இருக்கிறார். கலியாணப் பேச்சை எடுத்தாலே “பார்ப்போம்” என்பாராம். ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. என் பிள்ளைக்கு என்ன குறை என்று இன்னும் பார்க்கக் கிடக்கிறது? எனக்கு நல்ல கொதி.

அந்தப் ‘பார்ப்போம்’ அம்மா சித்திரையில் முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு சின்னத் தகர ரின்னில் தேயிலை கொண்டுவந்தார். லோங்ஜிங் என்று பெயர். சீனாவில் வசந்தம் பிறந்ததும் முன்னோரின் கல்லறைகளைத் துப்புரவாக்கப் போகிற நாள் ஒன்று வருமாம். அதற்கு முன்னமே பறித்த இளங்கொழுந்து. பெரிய சட்டியில் போட்டுக் கையால் அழுத்தி அழுத்தி வறுப்பார்களாம். திறந்து பார்த்தேன். ஒவ்வோர் இலையும் இஸ்திரி போட்டதுபோலத் தட்டையாகக் கிடந்தது.

அவர் போனபின் மகள் சட்டதிட்டங்களை அறிவித்தாள். கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்ற வேண்டும், பால் கூடாது, சீனி கூடாது, இஞ்சியை நினைக்கவே கூடாது. அப்படியே போட்டேன். சாயமே இறங்கவில்லை. இளநீர் நிறத்தில் ஒரு தண்ணீர். என் மனுசன் ஒரு மிடறு குடித்துவிட்டு, பயறு வறுத்த சட்டியைக் கழுவின தண்ணி என்று தீர்ப்புச் சொன்னார். பிறந்த நாள் முதல் கடுஞ்சாயப் பிளேன்ரீ குடித்த நாக்கு, அதற்கொரு திமிர். ஆனால் பயறு என்றது சரிதான். பொங்கலுக்குப் பயறு வறுக்கும்போது வீடு முழுக்க எழும்புமே, அதே வாசனை. விழுங்கினபிறகு தொண்டையில் மெல்லிய ஓர் இனிப்பு வந்து நின்றது. எனக்குப் பிடித்துவிட்டது. பயறு என்றது சரி என்று மட்டும் மனுசனிடம் சொல்லவில்லை. இந்த வீட்டில் அவருடைய கருத்தோடு ஒத்துப்போகிற பழக்கத்தைத் தொடங்க எனக்கு விருப்பமில்லை.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடாயிற்று. அன்று காலை மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, அவ இண்டைக்குத்தான் டிசைட் பண்ணுவா போல. ப்ளீஸ், அந்த ரீயை மட்டும் ஒழுங்காப் போடுங்கோ.”

அங்கேதான் எனக்குத் தலையிடி பிடித்தது. எங்கள் ஆட்களிடம் சாயமில்லாத தேத்தண்ணியை நீட்டுவது வந்தவரை வாசலோடு அனுப்புவதற்குச் சமம். தேயிலைக்குக்கூடக் கஞ்சத்தனம் பார்க்கிற குடும்பம் என்று அந்த மனுசி நினைத்தால் என் பிள்ளையின் கதி என்ன? மகள் கடைக்குப் போன நேரம் ஒத்திகை பார்த்தேன். ஒரு சிட்டிகை போட்டேன். காணாது. ஒரு கரண்டி. அதுவும் சாயத்துக்குக் காணாது. பொறுமை போய், கைநிறைய அள்ளிப் போட்டுச் சட்டியில் கொதிக்க வைத்தேன். சாயம் வந்தது. வாயில் வைத்தால் வேப்பம்பட்டைக் கசாயம்.

கசாயத்தை ஊற்றிவிட்டேன். சட்டியின் அடியில் கொழுந்துகள் பச்சைப்பசேலென்று விரிந்து, அப்போதுதான் கொல்லையில் கிள்ளின கீரைபோல மெத்தென்று கிடந்தன. அதை எறியச் சொன்னால் எறிகிற கையா இது? பிழிந்து, அரிந்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கி, தேங்காய்ப்பூ போட்டு வறை வறுத்து, தேசிக்காய்ப் புளியும் விட்டேன். கைப்பு அடங்கி, அந்த வறுத்த பயற்று வாசனை மட்டும் மிஞ்சியது. நண்டுக் குழம்புக்கும் கத்தரிக்காய்க்கும் நடுவில் வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

வந்தவர் நண்டைத் தொடவில்லை. வறையை எடுத்தார். மறுபடியும் எடுத்தார். மூன்றாம் முறை கிண்ணத்தையே தன் பக்கம் இழுத்துக்கொண்டு மகனிடம் என்னவோ கேட்டார். இது என்ன கீரை என்று அம்மா கேட்கிறா என்றான் பெடியன். நான் பொதுவாக, கீரைதான் தம்பி, நல்ல கீரை என்று இழுத்தேன். அவ்வளவோடு முடிந்திருக்கும். ஆனால் உண்மை பேச வேண்டாத நேரம் பார்த்துப் பேசுகிற மனுசனல்லவா எனக்கு வாய்த்தது. குசினியில் நான் அரிந்ததைப் பார்த்திருந்தவர், சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில், உங்களுடைய தேயிலைதான் என்றார்.

மகள் எழும்பிப்போய் ரின்னைத் திறந்தாள். அடி தெரிந்தது. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை என் எதிரிக்கும் கிடைக்கக் கூடாது. அந்த அம்மா ரின்னைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், பிறகு சீனத்தில் நெடுநேரம் பேசினார். ஒரு கறியால் என் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று அழுகையே வந்துவிட்டது.

பெடியன் மகளின் காதில் குசுகுசுத்தான். அவள் கண்களும் கலங்கியிருந்தன.

“அம்மா, அவேன்ர ஊரில இந்தக் கொழுந்தைப் போட்டு இறால் வறுக்கிறவையாம். கலியாணத்தண்டு அதையும் உங்கட வறையையும் சேர்த்து வைப்பமோ எண்டு கேக்கிறா.”

கலியாணம் என்ற சொல் அந்த மனுசியிடமிருந்து வந்தது அதுதான் முதல்தடவை. நான் “ஓம், ஓம்” என்று தமிழிலேயே தலையாட்டினேன். சம்பந்திக்கு நன்றாகவே விளங்கியது.

மண்டபம் நிறைந்த சனத்துக்கு எத்தனை ரின் வேணும் என்று கேட்க என் மனுசன் வாயைத் திறந்தார். மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தேன்.