பானு டீச்சர் உட்கார்ந்த முன்சீட்டு

செய்தி மலையிலிருந்துதான் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் பாடம் முடித்து வெளியே வந்தபோது கைப்பேசியில் நான்கு தவறிய அழைப்புகள். நான்கும் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பேச்சியம்மாள் அழைத்தவை. திருப்பிக் கூப்பிட்டேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது. “டீச்சர், பானு டீச்சர் போயிட்டாகளாம். நெஞ்சு வலின்னு சொன்னாகளாம், ஆசுபத்திரிக்குத் தூக்குறதுக்குள்ள முடிஞ்சிருச்சாம். ஒங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. இருபது வருடம் அவர் இயற்பியல் கற்பித்த பள்ளியின் ஆசிரியர் அறையில் அப்போது யாருக்கும் தெரியாது. ஏலக்காய் எடுக்கும் பெண்கள் அறிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதில் தவறொன்றும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

பானு டீச்சரை அறிந்தவர்களுக்கு அந்த ஷாக் மெஷின் நினைவிருக்கும். அவருடைய பழைய மாணவி சித்ரா, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஏலத்தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கம்பம் ஊரிலிருந்து விடியுமுன் மலைக்குக் கிளம்பும் ஜீப்பில் பதினெட்டுப் பெண்கள் ஒருவர் மடியில் ஒருவராக அடைந்து போவார்கள். முன்சீட்டில் யார் உட்காருவது என்பதை மட்டும் டிரைவர் முடிவு செய்வார். அது எப்போதும் இளம்பெண்தான். மலை ஏறி முடிப்பதற்குள் அவர் எத்தனை முறை கியர் மாற்றுவார், அந்தக் கை எங்கெல்லாம் போகும் என்பது பின்னால் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஒரு மாலை சித்ரா பானு டீச்சர் வீட்டுக்கு வந்து அழுதாள்.

கடைவீதியில் பானு டீச்சரின் தம்பிக்கு எலக்ட்ரிகல் கடை. சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைத் தம்பி மூலம் மதுரையிலிருந்து டீச்சர் வரவழைத்தார். முனையில் இரண்டு உலோகப் பற்கள். அழுத்தினால் படபடவென்று நீலப் பொறி பறக்கும். ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்தவர் முதலில் தன் முன்கையில் வைத்து அழுத்திக்கொண்டார். நாற்காலியோடு சாய்ந்து, கண்ணில் நீர் வர எழுந்தவர், “பிறத்தியார் மேல வைக்கிறதை முதல்ல நம்ம மேல வச்சுப் பாக்கணும்” என்றார்.

எனக்கு அந்தக் கருவியில் நம்பிக்கை வரவில்லை. ஒரு பேட்டரியால் தீரும் விஷயமா இது என்று கேட்டேன். ஆனால் நாங்கள் இருவருமே, அவர் இயற்பியலும் நான் வரலாறும் படித்தவர்கள், ஒன்றை யோசிக்கவில்லை. பெட்டியை வாங்க சித்ராவோடு வந்திருந்த, அதே ஜீப்பில் போகும் பேச்சியம்மாள்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏன் டீச்சர், இந்தத் தேளு கொட்டுனா அவன் துள்ளுவான்ல? ஸ்டீரிங் அவன் கையில இருக்கு. வளைவுல வச்சா பதினெட்டுப் பேரும் பள்ளத்துலதான் ஏலக்காய் பொறுக்கணும்.”

பானு டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “வண்டி ஓடும்போது தொடாத, ஆத்தா. நின்ன பெறகு பாத்துக்க” என்று சித்ராவிடம் சொன்னார். அன்று முதல் அதன் பெயர் தேள்.

பத்து நாள் கழித்து, மலை மேல் எல்லோரும் இறங்கும்போது டிரைவர் கைகொடுப்பதுபோல் இடுப்பைப் பிடித்திருக்கிறார். சித்ரா அவர் தோளில் வைத்து அழுத்தினாள். மனிதர் டயர் ஓரம் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாராம். பெண்கள் அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மறுநாள் எந்த ஜீப்பிலும் சித்ராவை ஏற்றவில்லை. “தேளு வச்சிருக்கிற பிள்ளை நமக்கு வேணாம்ப்பா” என்று ஸ்டாண்டில் எல்லா டிரைவர்களும் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள். காய் எடுப்பு மும்முரமாக இருந்த நேரம். அவள் வீட்டில் உலை வைப்பது அந்தக் கூலியில்தான். மூன்று நாள் தூக்குவாளியோடு நின்றுவிட்டுத் திரும்பினாள்.

நான் சொன்னதுபோலத்தான் ஆயிற்று. அதில் எனக்குள் சிறு திருப்திகூட இருந்தது என்று இங்கே ஒப்புக்கொள்கிறேன். பானு டீச்சர் வாதாடவில்லை. “அளவு தப்பாப் போச்சு. மறுபடி அளக்கணும், அவ்வளவுதான்” என்றார்.

மறுநாள் விடியுமுன் அவரே ஸ்டாண்டுக்குப் போய், அதே ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“டீச்சர், நீங்க எதுக்கு மேல வர்றீக?”

“மலைக்காத்து நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருப்பா. சித்ரா, நீ பின்னால ஏறு.”

டிரைவரின் தங்கை அவரிடம் படித்தவள். மனிதர் வண்டியைக் கிளப்பினார். மலை ஏறி, பெண்கள் இறங்கியதும் பானு டீச்சர் முதல் பஸ்ஸில் கீழே வந்து, காலை மணி அடிப்பதற்குள் பள்ளியில் இருப்பார். ஒரு மாதம் இப்படி. சேலையில் டீசல் வாடை. பாடமில்லாத வேளையில் வருகைப் பதிவேட்டின் மேல் தலை வைத்துத் தூங்குவார். அப்போதே அவருக்கு மூச்சு வாங்கும்.

ஒருநாள் கேட்டார்: “வசந்தா, இந்தச் சனிக்கிழமை மட்டும் நீங்க உக்காருங்களேன்.”

“ஒரு சீட்டுல உக்காந்து எத்தனை ஜீப்பைத் திருத்திடுவீங்க?” என்றேன்.

“ஒரு ஜீப்” என்றார்.

நான் போகவில்லை. அவருக்கும் அன்று உடம்புக்கு முடியவில்லை. பேச்சியம்மாள் பின்னாலிருந்து இறங்கி வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். “என்னடா தம்பி, கெழவி வேணாமா? கியரைப் போடு” என்றாராம். திங்கட்கிழமை இன்னொரு மூத்த பெண். அப்படியே அது முறையாயிற்று. முன்சீட்டில் வயதில் மூத்தவர்கள்தான், நாளுக்கு ஒருவராக. பிறகு மற்ற ஜீப்புகள் சிலவற்றிலும். “நீங்க வராததும் நல்லதுக்குத்தான்” என்று பானு டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார். கேலி அதில் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அடக்கம் முடிந்த மாலை அவர் வீட்டில் இருந்தேன். தோட்டத்துப் பெண்கள் ஜீப்பிலிருந்து இறங்கி அப்படியே வந்திருந்தார்கள், விரல்களில் ஏலக்காய்க் கறையோடு. சித்ரா இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய்.

ஓய்வு பெற்ற அன்று, சித்ரா திருப்பிக் கொடுத்திருந்த தேளைப் பானு டீச்சர் என்னிடம் கொடுத்தார், “மாசம் ஒருக்கா பேட்டரி பாருங்க” என்று. என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒருமுறையும் பார்க்கவில்லை. அந்தக் கருவியில் எனக்கு இன்றும் நம்பிக்கை இல்லை. அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த இரண்டு சொற்கள்தாம். ‘இதனால் என்ன ஆகிவிடும்’ என்று நான் வாயெடுக்கும்போதெல்லாம் ‘ஒரு ஜீப்’ என்று அவர் குரல் குறுக்கே வருகிறது. கூடவே, நான் போகாத அந்தச் சனிக்கிழமையும்.

கிளம்பும்போது சித்ராவிடம், இந்தச் சனிக்கிழமை முன்சீட்டு யார் முறை என்று கேட்டேன்.

“பேச்சியக்கா முறை, டீச்சர். அவுகளுக்கு முட்டி வீங்கிக் கெடக்கு.”

வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.