வேப்பமர நிழலில் நின்ற தேங்காய்

ஒரு கோடை முழுக்க எங்கள் கிணற்றுக்குள்தான் விளையாடினேன் என்று சொன்னால், அப்படியானால் நன்றாக நீச்சல் தெரிந்திருக்குமே என்கிறார்கள். இன்றுவரை எனக்கு நீச்சல் தெரியாது. அந்த வருடம் கிணற்றில் கால் நனைக்கக்கூட ஒன்றும் இல்லை. படியிறங்கிப் போனால் அடியில் பாறை, பாறைமேல் காய்ந்து சுருண்ட பாசி, எப்போதோ விழுந்து நசுங்கிய ஒரு வாளி. ஆனால் தோட்டத்திலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். நானும் தம்பியும் காலை பத்து மணிக்கு இறங்கினால் பொழுது சாயும்போதுதான் ஏறுவோம். மத்தியானம் அம்மா மேலேயிருந்து கயிற்றில் சோற்றுப்போசியை இறக்குவார். அண்ணாந்து பார்த்தால் வட்டமாக வானமும் அதற்கு நடுவில் அம்மாவின் தலையும் தெரியும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. காங்கேயத்துக்குத் தெற்கே, பஸ் போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் தோட்டம். நூற்றுச் சொச்சம் தென்னை, மூன்று மாடுகள், ஒரு ஓட்டு வீடு. வெயில் அந்த முறை மாசியிலேயே ஆரம்பித்துவிட்டது. சித்திரை போய் வைகாசி வந்தும் அதற்குத் திரும்பிப் போகிற எண்ணமே இல்லை. ரோட்டுத் தார் இளகி செருப்பைப் பிடித்துக்கொண்டது. மாட்டுக்கு வைக்கும் தண்ணீரை நாமே முதலில் தொட்டுப் பார்த்துவிட்டு வைக்க வேண்டியிருந்தது. வெயில் காரணமாகப் பள்ளி திறப்பது தள்ளிப்போகிறது என்று டிவியில் சொன்னபோது நானும் தம்பியும் கட்டில் மேல் ஏறிக் குதித்தோம். வெயிலுக்கு நன்றி சொன்ன ஜீவன்கள் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே நாங்கள் இரண்டு பேர்தான்.

தென்னைகளுக்கு முதலில் பிஞ்சுக் குரும்பை கொட்டியது. அம்மா காலையில் வாசலைப் பெருக்கிவிட்டு அப்படியே தோப்புக்குள் போய்க் குரும்பையைப் பெருக்கினார். பிறகு மட்டைகள் தொங்கின. ஒரு மத்தியானம் தொம்மென்று சத்தம் கேட்டுக் கிணற்றிலிருந்து ஏறி வந்து பார்த்தால், ஒரு மரத்தின் கொண்டை முறிந்து தரையில் கிடந்தது. தலை இல்லாத தென்னை மரத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

அப்பா அதிகம் பேசுகிறவர் அல்ல. அந்தக் கோடையில் அதுவும் குறைந்தது. தினமும் காலையில் மோட்டார் ரூமுக்குப் போய் சுவிட்சைப் போடுவார். பைப்பின் வாயில் காதை வைத்துக் கேட்பார். உள்ளேயிருந்து காற்று மட்டும் வரும். சுவிட்சை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்வார். அந்த வருடம் ஏற்கனவே இரண்டு இடத்தில் போர்வெல் போட்டாயிற்று. இரண்டிலும் புழுதிதான்.

"போதும் அம்மிணி. பூமிக்குள்ள இல்லாதத நாம எங்கிருந்து எடுக்கறது? காங்கயத்துல தேங்காக்களத்துல ஆள் கேக்கறாங்க. மாட்டக் குடுத்துப்போட்டுப் போயிறலாம்" என்றார் ஒருநாள் அம்மாவிடம்.

அம்மா பவானிப் பக்கம், வாய்க்கால் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவர். மண்ணுக்கு அடியில் தண்ணீர் இல்லை என்பது அவர் புத்திக்கு எட்டாத விஷயம். எங்கேயோ இருக்கிறது, நாம்தான் சரியாகத் தேடவில்லை என்பது அவர் கட்சி. "இன்னும் ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாத்துறலாமுங்க. மூணாவதுல வந்துரும்" என்றார். மூன்றாவதிலும் வராவிட்டால் நாலாவதிலும் ஐந்தாவதிலும் அதையே சொல்லியிருப்பார். தோட்டத்தை விட்டுப் போவதா, இன்னொரு துளை போடுவதா என்று ஒரு வாரம் வீட்டில் அடுப்பு எரிந்த நேரத்தைவிட இந்தப் பேச்சு எரிந்த நேரம்தான் அதிகம். கடைசியில் அம்மா ஜெயித்தார். நீரோட்டம் பார்க்கிறவரை வரச் சொன்னார்கள்.

அவர் காலையில் டிவிஎஸ் வண்டியில் வந்தார். செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தார். குடுமியோடு உரித்த ஒரு தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு மெல்ல நடந்தார். அடியில் தண்ணீர் ஓடுகிற இடம் வந்தால் படுத்திருக்கிற காய் தானாக எழுந்து நிற்கும். வடகிழக்கு மூலையில் அது எழுந்து நின்றது.

"இங்க ரெண்டு இஞ்சுத் தண்ணி ஓடுதுங்க. அறுநூறு அடிக்குள்ள சிக்கிரும்" என்று ஒரு கல்லை எடுத்து அந்த இடத்தில் வைத்தார்.

அவரோடு காரியம் முடிந்திருக்க வேண்டும். அம்மாதான் ஆரம்பித்தார். "ஏனுங்க, எங்க புள்ளையும் கால் பொறந்ததுங்க. அதுங் கையிலயும் நிக்குமுங்களா?"

நான் காலை முன்னால் நீட்டிக்கொண்டு பிறந்தவள். எங்கள் பக்கம் அப்படிப் பிறந்தவர்களுக்கு ஒரு குணம் உண்டு என்று நம்பிக்கை. இடுப்புப் பிடித்துக்கொண்டவர்கள் வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்து, என்னை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வார்கள். மிதித்தால் கடலைமிட்டாய் கிடைக்கும். எத்தனை பேருக்குச் சரியாயிற்று என்று தெரியாது. மிட்டாயை யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

"கால் பொறந்ததுங்களா? அப்ப நிக்குமுங்க. நடக்க உட்டுப் பாருங்க" என்றார் அவர், மரியாதைக்கு.

"வெயில்ல எதுக்குங்க, அது கொழந்தை" என்றார் அப்பா. அம்மா அதற்குள் என் கையில் தேங்காயை வைத்துவிட்டார்.

செருப்பில்லாமல் நடக்க வேண்டும் என்பது விதி. மணி பதினொன்று இருக்கும். வரப்பிலிருந்து இறங்கிய முதல் அடியிலேயே எனக்குச் சூடு உச்சந்தலைவரை ஏறியது. தோசைக்கல்லில் நடப்பதுபோல இருந்தது. நீரோட்டக்காரருக்குப் பாதம் பழகியிருந்தது. எனக்கு மற்றவர் முதுகைத்தான் மிதித்துப் பழக்கம். முன்னால் நான், பின்னால் அம்மா, அவருக்கும் பின்னால் அப்பா. வடகிழக்கு மூலையைத் தாண்டியபோது காய் அசைந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் அதைப் பார்க்கவே இல்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த வேப்பமரத்தைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன். அதன் அடியில் இரண்டு பாய் விரிக்கிற அளவுக்கு நிழல் இருந்தது.

நிழலுக்குள் கால் பட்டதும் நின்றேன். பாதம் இரண்டும் எரிந்தன. சும்மா நின்றால், இன்னும் நட கண்ணு என்பார்கள். அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க என்னால் முடியாது. விரல்களை லேசாக மடக்கிக் காயின் அடிப்பக்கத்தை மணிக்கட்டால் அழுத்தினேன். தேங்காய் எழுந்து நின்றது.

அம்மா சிரித்தார். மாசியிலிருந்து அன்றுவரை அவர் முகத்தில் நான் பார்த்த ஒரே சிரிப்பு அது. ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாருங்க, நிக்குது பாருங்க" என்றார். அவர் பிடித்து உலுக்கியதில் என் கையும் ஆடியது, காயும் ஆடியது. அது இன்னும் நம்பும்படியாக ஆகிவிட்டது. நீரோட்டக்காரருக்கு அது பிடிக்கவில்லை. "முப்பது வருசமாப் பாக்கறனுங்க. எடம் உங்களுது, உங்க இஷ்டமுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பார்வை பெருமையாகத்தான் இருந்தது.

அன்று முழுக்க அம்மா வேப்பமரத்தடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். சாணி தெளித்து அந்த இடத்தில் ஒரு கோலமும் போட்டார். சாயங்காலம் அப்பாவிடம், "புள்ள காட்டுன எடத்துலயே போட்டுறலாமுங்க" என்றார். அப்பா வேப்பமரத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "செரி. நீ சொல்ற எடத்துலயே போட்டுறலாம்" என்றார். ஒரு வாரச் சண்டை அத்தனை சுலபமாக முடிந்ததில் அம்மாவுக்கே ஆச்சரியம்.

போர் போடுகிற திருச்செங்கோட்டு வண்டி அடுத்த வாரம் விடிந்ததும் வந்தது. கம்பம் நிமிர இடம் போதவில்லை என்று வேப்பமரத்தின் பெரிய கிளையை வெட்டினார்கள். அம்மா சூடம் ஏற்றினார். துளை போடும் முதல் ராடு மண்ணுக்குள் இறங்கியபோது என்னைப் பக்கத்தில் நிறுத்திக் கும்பிடச் சொன்னார். கும்பிட்டேன். மற்ற குழந்தைகள் பரீட்சையில் பாஸாக வேண்டும் என்று கும்பிடுவதுபோல, தண்ணீர் வந்துவிட வேண்டும் என்று கண்ணை இறுக மூடிக் கும்பிட்டேன். என் பொய்யை சாமி உண்மையாக்கிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது என் கணக்கு.

நூறு அடியில் சிவப்புப் புழுதி வந்தது. இருநூறில் வெள்ளை. அதற்குப் பிறகு கல்லை அரைத்த மாவுதான். மாடு, கொட்டகை, அம்மாவின் தலை, தென்னை மட்டை எல்லாம் வெளுத்துப்போயின. எழுநூறைத் தாண்டியபோது மாவு கொஞ்சம் கருத்தது. அம்மா ஓடிப்போய்க் குனிந்து ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்த்தார். கையில் உருண்டையாக நின்றது. "ஈரமுங்க, ஈரம் வந்துருச்சுங்க" என்று அந்த உருண்டையை அப்பாவிடம் கொண்டுவந்து காட்டினார். அப்பா அதை வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த ராடில் மறுபடியும் காய்ந்த மாவு. அதற்கடுத்த ராடிலும்.

ஆயிரத்தில் வண்டிக்காரர் எஞ்சினை மட்டுப்படுத்தினார். "இதுக்கு மேல ஆகாதுங்கண்ணா."

"இன்னொரு ராடு" என்றார் அம்மா. போட்டார்கள். "இன்னொண்ணு" என்றார். அதையும் போட்டார்கள். அதிலும் மாவுதான். அம்மா அந்த வெள்ளைக் குவியல் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நாந்தானுங்க இங்க போடச் சொன்னேன்" என்று ஒரு தடவை சொன்னார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

வண்டி போனபின் அப்பா ஒரு பலகைக்கல்லைத் தூக்கி வந்து புதுத் துளையின் வாயை மூடிக்கொண்டிருந்தார். இன்னும் வெளிச்சம் இருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா, அன்னைக்குத் தேங்கா தானா எந்திரிக்கலீங்கப்பா. கால் சுட்டுச்சு. நாந்தான் எந்திரிக்க வெச்சேன்."

அப்பா கல்லை நேராக வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"தெரியுங் கண்ணு. பின்னாலதான வந்தேன்."

அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. என் தலையில் படிந்திருந்த கல்மாவைத் தட்டிவிட்டார்.

"அம்மாகிட்டச் சொல்லிப்போடாத" என்றார்.

அந்தக் கோடையிலேயே நான் சந்தோஷமாக இருந்த சாயங்காலம் அதுதான் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்னைக் காட்டிக்கொடுக்காத அப்பா, எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசியம். சாப்பாடு இறங்கியது. தம்பியோடு சண்டைகூடப் போட்டேன்.

ஆடி பிறப்பதற்குள் மாடுகளை விற்றுவிட்டுக் காங்கேயத்தில் ஒரு லைன் வீட்டுக்குக் குடிபோனோம். அப்பா தேங்காய்க்களத்தில் சேர்ந்தார். ஊரான் தோட்டத்துத் தேங்காய்களை உடைத்துக் காயவைக்கும் வேலை. அங்கே வெயில்தான் முதலாளிக்கு லாபம். வானம் மூடினால் எல்லோரும் பதறுவார்கள், அப்பாவும் பதறுவார். அம்மா போரைப் பற்றியோ தோட்டத்தைப் பற்றியோ அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. அப்பாவோடு எதற்கும் மல்லுக்கட்டவும் இல்லை. அப்படி ஒரு அமைதியை நாங்கள் அந்த வீட்டில் கேட்டு வாங்கவில்லை.

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அம்மா என்னோடு போத்தனூரில் இருக்கிறார். ஒவ்வொரு சித்திரையிலும் ஃபேன் காற்று சூடாக இறங்கும்போது, கேட்காமலே சொல்கிறார்: "அந்த மனுசன் காட்டுன மூலையில போட்டிருந்தாத் தண்ணி வந்திருக்கும் கண்ணு. உங்கப்பா நாஞ் சொன்ன பேச்சக் கேட்டுத்தான் கெட்டுப்போனாரு. தோட்டத்த அழிச்சது நாந்தான்." பதில் சொல்ல வாயெடுக்கிறேன். சொன்னால் அவர் தலையிலிருந்து அது இறங்கும். ஆனால் அவர் தினமும் மாலை போட்டு வைத்திருக்கிற அப்பா படத்தின் மேல் போய் ஏறும். அதனால் தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்கிறேன்.

அன்று அப்பா என் தப்பை மறைத்தார் என்று நினைத்துக்கொண்டேன். தோட்டத்தை விட்டுப் போக அவருக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. அதை அம்மாவே எடுத்ததாக இருக்கவும் வேண்டியிருந்தது. அதற்கு என் தேங்காய் கிடைத்தது. அம்மாவிடம் சொல்லாதே என்ற அந்த ஒரு வார்த்தையை நான் காப்பாற்றினால் அது எத்தனை வருடம், யார் மேல் உட்கார்ந்திருக்கும் என்று ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.